மழை நின்ற பின்னும் வராத படம்: ஒரு மோட்டார் ஹோமின் கேபிள் கோளாறு

பின்னணி

கோலாலம்பூர் செந்தூலில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரும் அவருடைய மனைவியும் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை ஜூலை மாதத்தில் கைமாற்றி வாங்கினார்கள். ஏழு மீட்டர் நீளம். உள்ளே இரண்டு படுக்கை, ஒற்றை அடுப்பு, ஒரு துணி அலமாரி. டிவி மாட்ட முன்பக்கம் ஒரு முனையும் படுக்கையறையில் ஒரு முனையும் சுவரில் இருந்தன. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரில் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. கூரையிலிருந்த ஆண்டெனாவும் சுவருக்குள் ஓடிய கேபிளும் அதற்கு முந்தைய காலத்தவை.

ஐயாவுக்கு டிவி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அம்மாவுக்கு அப்படி இல்லை. மாலை நேரத் தமிழ்த் தொடர்கள் இல்லையென்றால் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனவே ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, கூரையில் 60 சென்டிமீட்டர் செயற்கைக்கோள் தட்டு (டிஷ்) ஒன்றை மடக்கும் தாங்கியில் பொருத்தினார்கள். பழைய ஆண்டெனாவைக் கழற்றி, அதே கேபிளின் நுனியில் தட்டை இணைத்துவிட்டார்கள். சுவர்ப் பலகையைப் பிரிக்காமல் அரை நாளில் வேலை முடிந்ததில் ஐயாவுக்கு மகிழ்ச்சி. தட்டுப் பழுது பார்க்கும் எனக்குப் பிற்பாடு வந்த தலைவலி முழுவதும் அந்த அரை நாளில்தான் இருந்தது.

மூன்று மாதம் படம் வந்தது. பட்டியலில் இருந்த சில சேனல்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே வரவில்லை. 'அது நம் கட்டணத்தில் சேராது போலிருக்கிறது' என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் அழைப்பும் என் தவறும்

அக்டோபர் நடுவில் ஐயா அழைத்தார். "தம்பி, மழை பெய்தால் படம் போய்விடுகிறது."

இருபது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் தட்டு மாட்டும் வேலை செய்கிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. செயற்கைக்கோளிலிருந்து நம் தட்டுக்கு வரும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். நம் ஊர்ப் பிற்பகல் இடிமழையின் பெருந்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். அக்டோபர், நவம்பரில் இது அன்றாடக் கதை. ஆகவே "மழை விட்டால் வந்துவிடும் ஐயா" என்று சொன்னேன். "விட்ட பிறகும் வரவில்லை" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

மறுநாள் போனேன். நல்ல வெயில், ஆனால் படம் இல்லை. டிவியோடு இணைந்த டிகோடர் பெட்டியின் பக்கத்துக் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே ஷார்ட் இல்லை. கூரையில் ஏறி, எல்.என்.பி.யை, அதாவது தட்டு பிடிக்கும் அலையைக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றிக் கேபிளில் அனுப்பும் கருவியை, கழற்றிவிட்டு, கேபிள் நுனியில் வோல்ட் அளந்தேன். எல்.என்.பி.யை ஓட்ட டிகோடர் அதே கேபிளில் அனுப்பிய 18 வோல்ட் குறையாமல் வந்து நின்றது. கேபிள் சரி, எனவே எல்.என்.பி.தான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். புதிய எல்.என்.பி. போட்டு, கூரையிலிருந்த கனெக்டரைத் துடைத்து இறுக்கினேன். படம் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த முடிவில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, சுமை இல்லாமல் அளந்த வோல்ட்டை நம்பியது. எல்.என்.பி. மின்சாரத்தை இழுக்கும்போதுதான் கேபிளின் உண்மை நிலை தெரியும். எதுவும் இழுக்காதபோது துருப்பிடித்த இணைப்புகூட முழு வோல்ட்டையும் காட்டும். இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தது. எல்.என்.பி.யை மாற்றியதால் படம் வந்ததா, கனெக்டரைத் துடைத்து இறுக்கியதால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது நாள் படம் தங்கியது. அந்த ஒன்பது நாளும் செந்தூலில் மழை இல்லை.

பினாங்கிலிருந்து

தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போனவர்கள் பினாங்கிலிருந்து அழைத்தார்கள். தட்டைத் திருப்பத் தெரியவில்லை என்று சொன்னார் ஐயா. இது கோளாறு அல்ல, இடமாற்றம்; ஆனாலும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இங்கே தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நம் சேவைக்கான மீசாட் செயற்கைக்கோள்கள் கிழக்கு 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கின்றன. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் தட்டு திசைகாட்டியில் 253 பாகையை, அதாவது மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, நோக்க வேண்டும். பினாங்கில் அது 239 ஆகிவிடும். ஏற்றக்கோணம் இரண்டு ஊரிலும் 77, 78 பாகை. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. குளிர்நாடுகளில் எதிரே நிற்கும் மரம்தான் எதிரி. இங்கே தலைக்கு மேலே கவியும் மரம் எதிரி. நிழலுக்காக நாம் தேடிப்போய் வண்டி நிறுத்தும் மரமே அதுதான். ஐயா நிறுத்தியிருந்தது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில். முதலில் வண்டியை வெயிலுக்கு நகர்த்தச் சொன்னேன். அம்மா பின்னாலிருந்து முணுமுணுத்தது கேட்டது.

அடுத்தது சரிவு. தட்டு இவ்வளவு செங்குத்தாக மேல்நோக்கியிருக்கும்போது திசையில் பத்துப் பாகை பிசகினாலும் உண்மையான குறி தவறுவது இரண்டு பாகைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வண்டி இரண்டு பாகை சாய்ந்து நின்றாலோ அது முழுதாக இரண்டு பாகையும் குறியைக் கெடுத்துவிடக்கூடும். 60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை அகலமே ஏறத்தாழ மூன்று பாகை. எனவே இங்கே திசைகாட்டியைவிட மட்டப்பலகைக்கு மதிப்பு அதிகம். ஐயாவிடம் மட்டப்பலகை இல்லை. மேசையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தம்ளரை வைத்து, எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து, சக்கரத்தடியில் பலகைத் துண்டு செருகினார். கைப்பேசித் திசைகாட்டியை வண்டியின் இரும்புக்கு அருகில் வைக்காமல் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன்.

மூன்றாவதாக, எல்.என்.பி.யைத் தன் கழுத்தில் சுமார் 15 பாகை திருப்ப வேண்டும். 350 கிலோமீட்டர் வடக்கே போனதற்கு இவ்வளவு திருப்பமா என்று ஐயா நம்பவில்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால்தான் அப்படி. செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருக்கும்போது சிறிய இடமாற்றமும் திசையையும் முறுக்கத்தையும் நிறையவே மாற்றிவிடும்.

எல்லாம் செய்தார். டிகோடர் திரையில் சிக்னல் வலிமை கொஞ்சம் காட்டியது, தரம் பூஜ்யம். முந்தைய நாள் மாலை அங்கே பலத்த மழை. இரண்டு நாள் கழித்து, வெயில் சுட்டெரித்த ஒரு பிற்பகலில், யாரும் தொடாமலேயே படம் வந்தது.

அம்மாவின் நோட்டு

கோலாலம்பூர் திரும்பியதும் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். இந்த முறை கருவிப்பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்து, படம் எப்போதெல்லாம் போனது என்று கேட்டேன். ஐயா யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போய்ச் சமையல் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். மீன், கறிவேப்பிலை, சமையல் எரிவாயு என்று கணக்கெழுதிய பக்கங்களின் ஓரத்தில், எந்தெந்த நாள் எந்தத் தொடர் தவறியது என்று பென்சிலில் குறித்திருந்தார். மகளிடம் விட்ட கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக. மழை வந்த நேரமும் படம் திரும்பிய நேரமும் பல இடங்களில் இருந்தன.

முதல் முறை: மாலை ஐந்து மணிக்கு மழை, மறுநாள் காலை பதினொரு மணிக்குப் படம். இரண்டாம் முறை: மறுநாள் பிற்பகல் மூன்று மணி. மூன்றாம் முறை நான் நடுவில் புகுந்து எல்.என்.பி. மாற்றியது. நான்காவது பினாங்கு: இரண்டு நாள்.

இதைவிடத் தெளிவான சாட்சியை எந்த மீட்டரும் தந்திருக்காது. மழை மறைப்பு என்றால் மழை தணிந்த சில நிமிடங்களில் படம் திரும்ப வேண்டும். அதிலும் நம் தட்டு உச்சியைப் பார்ப்பதால் தலைக்கு மேலே உள்ள மேகம்தான் கணக்கு. அது நகர்ந்தால் போதும். இங்கே பதினெட்டு மணி, இருபத்திரண்டு மணி, இரண்டு நாள் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. மேலும், இரவில் ஒருமுறைகூடப் படம் திரும்பவில்லை. எப்போதும் கூரைத் தகடு சுடும் நேரத்தில்தான். ஏதோ ஒன்று நனைகிறது, வெயிலில் காய்கிறது, ஒவ்வொரு முறையும் காய அதிக நேரம் எடுக்கிறது. தட்டு அப்படி நடந்துகொள்ளாது, எல்.என்.பி.யையோ ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. அது கேபிள்.

சோதனை

முந்தைய இரவு மழை பெய்திருந்தது, படம் இல்லை. கோளாறு கோளாறாகவே இருக்கும்போது போவது நல்லது.

இன்வர்ட்டரை அணைத்து வீட்டு மின்சாரத்தில் டிகோடரை ஓட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. அதை விட்டுவிட்டேன்.

அடுத்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. டிகோடரை அணைத்துவிட்டு, என் வேனில் எப்போதும் கிடக்கும் 15 மீட்டர் கேபிளை எடுத்து, எல்.என்.பி.யிலிருந்து ஜன்னல் வழியாக நேரே டிகோடருக்கு இழுத்தேன். வண்டியின் சுவருக்குள் ஓடும் எதையும் தொடவில்லை. பத்து நிமிட வேலை. டிகோடரைப் போட்டதும் படம் வந்தது. மட்டுமல்ல, வாங்கிய நாளிலிருந்து வராத சேனல்களும் வந்தன. அம்மா அருகில் வந்து நின்று ரிமோட்டை வாங்கிக்கொண்டார். தட்டு, குறி, எல்.என்.பி., டிகோடர் நான்கும் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகின. பழைய எல்.என்.பி.யும் என் பெட்டியில் கிடந்தது. அதையும் மாட்டிப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. அதை ஐயாவிடம் அப்போதே சொன்னேன்.

இனி சுவருக்குள் ஓடும் கேபிளை அளக்க வேண்டும். எல்.என்.பி.க்குப் பதிலாக 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் கூரை நுனியில் மாட்டினேன். அது ஓர் எல்.என்.பி. அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும். டிகோடர் முனையில் 18.1 வோல்ட். கூரை முனையில் 14.6. மின்தடையைக் கழற்றியதும் கூரையிலும் 18.1. அன்று என்னை ஏமாற்றிய எண் இதுதான்.

மூன்றரை வோல்ட் இழப்பு ஏன் முக்கியம் என்றால், டிகோடர் எல்.என்.பி.யிடம் பேசுவதே வோல்ட்டில்தான். 13 என்றால் செங்குத்து அலை, 18 என்றால் கிடைமட்ட அலை. நடுவே 15 வாக்கில் வந்து நிற்கும் எல்.என்.பி.க்கு எது கேட்கப்படுகிறது என்றே தெரியாது. சிக்னல் மீட்டரில் நிலைமை இன்னும் மோசம். சிக்னல் வலிமையை டெசிபெல் மைக்ரோவோல்ட்டில் சொல்வார்கள்; தட்டருகே 74 இருந்தது, டிகோடர் முனையில், மேல்முனை அலைவரிசையில், 44. டிகோடர் பிடித்துக்கொள்ளக்கூடிய அடிமட்டமே அந்த அளவுதான்.

கூரைக் கனெக்டரை அறுத்தேன். கையால் திருகி மாட்டும் மலிவான வகை. உறையை உரித்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் கட்டைவிரலில் விழுந்தது. செம்புப் பின்னல் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய நுரை உறை தேநீர்க் கறை படிந்த பல்லைப்போல் பழுப்பாகியிருந்தது. ஒரு சாண் தள்ளி வெட்டினேன், அங்கேயும் பச்சை. இன்னொரு சாண். அங்கேயும்.

தண்ணீர் வந்த வழி கண்ணுக்குத் தெரிந்தது. எல்.என்.பி.யிலிருந்து இறங்கிய கேபிள் நேர்ச்சரிவாகக் கூரைத் துளைக்குள் போயிருந்தது. துளைக்குமுன் கேபிளைத் தாழ வளைத்துவிட்டிருந்தால் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்திருக்கும். வளைவு இல்லை. துளையையும் கனெக்டரையும் சிலிக்கோனால் மெழுகி மூடியிருந்தார்கள். பட்டறைக்குத் தன் வேலையில் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலிக்கோன் தாராளமாகவே இருந்தது. ஆனால் காயும்போது வினிகர் நெடி வந்ததா என்று கேட்டதும் ஐயா உடனே தலையாட்டினார். இரண்டு நாள் வண்டிக்குள் ஊறுகாய் வாசம் என்றார். அந்த வகைச் சிலிக்கோன் காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். கண்ணாடித் தொட்டிக்கு நல்லது, மின் இணைப்புக்கு ஆகாது.

அலமாரிக்குப் பின்னால் இரண்டாவது கோளாறு இருந்தது. பலகையை நீக்கினால், முன்முனைக்கும் படுக்கையறைக்கும் பிரித்துக்கொடுக்கும் ஒரு பழைய ஸ்பிளிட்டர். அதன் மேல் 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. தரைவழி டிவிக்கு அது போதும். எல்.என்.பி. கீழே அனுப்புவதோ 950 முதல் 2150 வரை. வாசலில் வரும் கூட்டத்தில் முதல் சிலரை மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதுபோல், கீழ்முனைச் சேனல்கள் மட்டும் உள்ளே வந்தன, மற்றவை தேய்ந்துபோயின. கட்டணத்தில் சேராத சேனல்களின் மர்மம் இதுதான். மின்சாரத்தையும் அது ஒரு கிளையில்தான் கடத்தும். படுக்கையறை முனை ஒருநாளும் வேலை செய்திருக்க முடியாது. ஸ்பிளிட்டருக்குப் பிறகு ஓடியதும் ஆர்.ஜி. 59 வகை மெல்லிய கேபிள், நடுக்கம்பி செம்பு பூசிய எஃகு.

முடிவுகளும் காரணங்களும்

பச்சை பூத்த பகுதியை வெட்டிவிட்டு ஒட்டுப்போடலாமா என்று ஐயா கேட்டார். சுவர்ப் பலகையைப் பிரிக்க அவருக்கு மனமில்லை. எனக்கும் அது நாள்கணக்கு வேலை. ஆனால் நீர் பின்னலின் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து போகும். எங்கே நின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒட்டுப்போட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சந்திப்போம் என்றேன். ஒத்துக்கொண்டார்.

முழுக் கேபிளையும் உருவிவிட்டு, நடுக்கம்பி முழுச் செம்பாக உள்ள ஆர்.ஜி. 6 கேபிள் 12 மீட்டரை, எங்கும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக முன்முனைக்கு இழுத்தோம். கருவியால் அழுத்திப் பூட்டும் கனெக்டர் இரண்டு. கூரையில் ரப்பர் வளையமுள்ள புதிய நுழைவுப் பெட்டி, அதற்குமுன் ஒரு கையளவு தாழ்வளைவு, கனெக்டரின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். சிலிக்கோன் தொடவில்லை. படுக்கையறைக்கு வேண்டுமானால் செயற்கைக்கோளுக்கு உரிய பிரிப்பானும் இன்னொரு டிகோடரும் தேவை என்றேன். அம்மா "படுக்கையறையில் தூங்கட்டும்" என்று முடித்துவிட்டார். அந்த முனையை மூடிபோட்டு விட்டுவிட்டோம்.

மாற்றிய எல்.என்.பி.க்கும் அன்றைய கூலிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எல்.என்.பி. பணத்தை மட்டும் ஐயா வாங்கவில்லை. பழையதை உதிரியாக வைத்துக்கொள்கிறேன் என்றார்.

விளைவு

அதே மின்தடையோடு கூரை முனையில் 17.9 வோல்ட். டிகோடர் முனையில் 70 டெசிபெல் மைக்ரோவோல்ட், இழப்பு நான்கு. 12 மீட்டர் நல்ல கேபிளுக்கு அது நியாயமான அளவு. உருவிய பழைய கேபிளை வீட்டுத் தாழ்வாரத்தில் செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்தேன். மறுநாள் காலையில் அதன் கீழே சிமெண்டுத் தரையில் பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது.

அடுத்த முறை

இப்போதெல்லாம் அழைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, படம் எப்போது போகிறது என்பதல்ல. மழை விட்டு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பது. வண்டியானால், எதையும் மாற்றுமுன் ஜன்னல் வழியாக நேர்க்கேபிள். அந்த 100 ஓம் மின்தடை கனெக்டரோடு பற்றவைத்த நிலையில் என் சட்டைப்பையில் இருக்கிறது. எந்தச் சேனல் வாங்கிய நாளிலிருந்தே வரவில்லை என்றும் கேட்கிறேன். பழகிப்போன குறையை யாரும் தாமாகச் சொல்வதில்லை. பழைய ஆண்டெனாக் கேபிளில் தட்டை மாட்டித்தரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அதில் ஒருவர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

டிசம்பரில் ஒரு மாலை செந்தூலில் பேய்மழை. ஐயா அழைத்தார். "தம்பி, படம் போய்விட்டது. ஐந்து நாற்பத்திரண்டு. இவள் நோட்டில் எழுதிவிட்டாள்." காத்திருங்கள் என்றேன். மழைச் சத்தத்தில் அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது: நோட்டின் ஓரம், பென்சிலில் இரண்டு எண்கள், பக்கத்தில் அரைக் கிலோ கெம்போங் மீன்.